மூன்று வெளியே, இரண்டு உள்ளே

திருவனந்தபுரத்தில், ஆரியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பும் இடத்தில் எனக்குப் பழக்கமான பூக்கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். தோவாளைச் சந்தையில் ஏற்றிய பூ விடிவதற்குள் இங்கே வந்து இறங்கிவிடும். பிச்சி, கொழுந்து, துளசி, சம்பங்கி என்று கூடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்க, ஒரு நாள் அரளிக் கூடை மட்டும் தளும்பியபடியே இருந்தது. ஏனென்று கேட்டேன்.

"கோயிலுக்கு இப்பம் அரளி எடுக்கமாட்டேங்காவ அண்ணாச்சி. மாலைக்குப் போனாத்தான் உண்டு. பாட்டன் காலத்துலேருந்து சாமிக்குப் போன பூவு, இப்பம் விஷமாம்."

சொல்லிக்கொண்டே நனைத்த நாரில் இரண்டிரண்டு பூவாக வைத்து முடிச்சிட்டார். காம்பில் கசிந்த பிசுக்கு விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த முடிச்சுக்குப் போனார்.

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. பூஜைக்கு வைக்கலாம், வாய்க்குள் போகிறதில் மட்டும் கூடாது. அதற்குச் சில நாள் முன்புதான், தெரியாமல் அரளியிலையைக் கடித்தது ஓர் இளம்பெண்ணின் இறப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்ற செய்தி கேரளம் முழுக்கப் பரவியிருந்தது. பூக்கடைக்காரரின் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் பாட்டனுக்கும் அரளி விஷமென்று தெரியும். ஆடு கடிக்காத செடி என்பதால்தான் அதை வேலியில் வைத்தார்கள். சாமிக்கு உகந்ததும் ஆட்டுக்கு ஆகாததும் ஒரே செடியாக இருப்பதில் நம்மவர்களுக்கு என்றைக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அரளி தனி ஆள் இல்லை, பெரிய குடும்பம். செவ்வரளி ஒன்று. கோயில் நந்தவனத்தில் மஞ்சளாக மணிபோலத் தொங்கும் பொன்னரளி இன்னொன்று. இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து சேர்ந்து, நம்மூர்ச் செடி போலவே ஆகிவிட்டது. மூன்றாவது கேரளத்தின் காயலோரங்களில், உப்புத் தண்ணீர் ஏறும் சேற்றில், பச்சை மாங்காய் போலக் காய்த்துத் தொங்கும் ஒதளம். தமிழில் காட்டரளி என்பார்கள், கடல்மாங்காய் என்றும் சொல்வதுண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலின் முதல் தொகுதியிலேயே ஒதளம் இடம்பெற்றுவிட்டது. அந்த நூலைத் தாவரவியலாளர் மணிலால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2003இல் நம் கேரளப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. தாவரவியலார் செடிக்கு வைத்த பெயரின் பின்பாதி, 'ஒதளம்' என்ற மலையாளச் சொல்தான். முன்பாதி, கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

1989 முதல் 1999 வரையிலான காலத்தில் கேரளத்தில் ஒதளத்தால் நேர்ந்தவை என்று ஆய்வகம் உறுதிசெய்த இறப்புகள் 537. பிரெஞ்சு, கேரள ஆய்வாளர்கள் சேர்ந்து 2004இல் வெளியிட்ட கணக்கு இது. மேலை நாட்டுப் பத்திரிகைகள் அந்த மரத்துக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிப் பரபரப்பாக எழுதின. அந்தப் பட்டப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மரத்தைப் பற்றிய திகில் கதை ஊரில் பரவும்போது என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1980களில் அங்கே பொன்னரளி நஞ்சு திடீரென்று பெருகியது. சரவணபவானந்தன், கணேசமூர்த்தி என்ற இரு மருத்துவர்கள் 1988இல் 170 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் அந்தச் செடி வேலிதோறும் நின்றது. செடி புதிதில்லை, செய்திதான் புதிது.

இந்த அத்தியாயம் மரத்தைப் பற்றியது இல்லை. அந்த நஞ்சு உள்ளே போன பிறகு மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள், எதனால் பிழைக்கவைக்க முடிகிறது என்பதைப் பற்றியது. அதற்கு முதலில் ஒரு பம்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் அது பதிந்திருக்கிறது. வேலை எளிது. உள்ளேயிருக்கும் சோடியம் அயனிகள் மூன்றைப் பிடித்து வெளியே தள்ளும். வெளியேயிருக்கும் பொட்டாசியம் அயனிகள் இரண்டை உள்ளே இழுக்கும். மூன்று வெளியே, இரண்டு உள்ளே. நீங்கள் தூங்கும்போதும் இது நிற்பதில்லை. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கவ் 1957இல், நண்டின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. அவர் கண்டது இந்தப் பம்ப்தான் என்று உறுதிசெய்ய உதவிய வேதிப்பொருள் ஊபெய்ன். ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிய விஷம் அது. எடுத்த செடியும் அரளிக் குடும்பம்தான்.

அரளியின் ஒலியாண்டிரின், பொன்னரளியின் தெவெட்டின்கள், ஒதளத்தின் செர்பெரின் என்று பெயர்கள் பல. ஆனால் எல்லாம் போய் உட்காரும் இடம் ஒன்று: இந்தப் பம்ப்பின் வெளிப்பக்கத்துப் பள்ளம். உட்கார்ந்தால் பம்ப் நிற்கும். சோடியம் உள்ளேயே தேங்கும். சோடியத்தின் இறக்கத்தை நம்பித்தான் உயிரணு கால்சியத்தை வெளியே அனுப்புகிறது. அந்த இறக்கம் குறைந்ததும் கால்சியமும் உள்ளே தங்கிவிடும். இதயத்தசை சுருங்குவது கால்சியத்தால். ஆகவே தொடக்கத்தில் இதயம் முன்னைவிட அழுத்தமாகவே அடிக்கும்.

நஞ்சு இதயத்தைப் பலவீனப்படுத்திக் கொல்கிறது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே முதலில் நடப்பது அதற்கு நேர்மாறு. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், உடல் நீர்கோத்து வீங்கியவர்களுக்கு ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைக் கொடுத்துப் பத்தாண்டுகள் பார்த்து, 1785இல் நூல் எழுதினார். அந்தச் செடியின் நெருங்கிய இனமொன்றிலிருந்து வந்த டிகாக்சின், இதயச் செயலிழப்புக்கு இன்றும் கொடுக்கப்படும் மாத்திரை. சாலைத் தெருவில் எந்த மருந்துக்கடையிலும் சீட்டைக் காட்டினால் கிடைக்கும். அதுவும் இதே பம்ப்பில், இதே பள்ளத்தில்தான் உட்காருகிறது. கொஞ்சம் பம்ப்புகளை மட்டும் நிறுத்தினால் தளர்ந்த இதயத்துக்குத் தெம்பு. அதற்கு மேல் போனால் எந்த இதயத்துக்கும் ஆபத்து. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி இவ்வளவு ஒடுங்கிய மருந்துகள் குறைவு. அதனால்தான் டிகாக்சின் சாப்பிடும் வீட்டுப் பெரியவர் "வாந்தி வருது, எல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்று சொன்னால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அளவு மிஞ்சும்போது இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. ஒன்று, மந்தம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்கிறது. மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குக் கட்டளை போகும் வழியிலுள்ள கணு அடைபடுகிறது. மேலே ஒரு தாளம், கீழே இன்னொரு தாளம். நாடி நாற்பதுக்கும் கீழே இறங்கும், சில வேளை சில நொடிகள் நின்றே போகும். இரண்டாவது, எரிச்சல். கால்சியம் நிரம்பிய தசை அடங்கியிருக்காமல் தானாகவே இடையிடையே துடிக்கும். அந்தத் தப்பு அடிகள் தொடராகிவிட்டால் கீழறை வெறுமனே நடுங்கத் தொடங்கும், இரத்தம் போகாது. ஒரு பக்கம் நின்றுவிடப் பார்க்கிற, மறுபக்கம் தறிகெட்டு ஓடப்பார்க்கிற இதயம் இது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கிளறிவிடலாம் என்பதே வைத்தியத்தின் சங்கடம்.

ஆளைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், சோர்வு; எதையோ தின்று வயிறு கெட்டுப்போனது போலத்தான் இருக்கும். நடந்து வருவார், பேசுவார். பல ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணி பார்த்த என் நண்பர் சொல்வார்: "பாம்புக்கடிக்காரரைப் பார்த்தாலே வீட்டார் பதறுவாங்க. இதுல நாங்கதான் பதறணும். அவர் டீ கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பார்." எனவே முதல் வேலை ஈசிஜி. சரியாகவே இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விதைப்பருப்பிலிருந்து நஞ்சு மெல்லத்தான் இறங்கும். தாளம் பல மணி நேரம் கழித்தும் கெடலாம். குறைந்தது ஒரு நாள் திரையில் கண் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பது. பம்ப் நின்றுவிட்டால் பொட்டாசியம் உள்ளே போகாது, வெளியே இரத்தத்தில் ஏறும். அந்த எண் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பம்ப்புகள் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். இதே தமிழ்நாட்டு மருத்துவமனை என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வேலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் ஒடுவன் என்றொரு செடி உண்டு. ஒடுவந்தழை நஞ்சும் இதயத்தின் தாளத்தைக் கெடுத்துத்தான் ஆளைச் சாய்க்கும். ஆனால் அது அடிப்பது சிறுநீரகத்தில். அங்கே பொட்டாசியம் சிறுநீரோடு ஒழுகிப்போய்ச் சரிகிறது, இரத்தம் அமிலமாகிறது. அரளிக்காரருக்குப் பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும். ஒடுவன்காரருக்குப் பொட்டாசியத்தையே ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் அடுத்தடுத்த கட்டிலில் ஒரே மாதிரி வாந்தியோடு படுத்திருக்கலாம். செடி எது என்று தெரியாமல் கை வைத்தால் உதவியே உபத்திரவமாகும். கூட வருகிறவர்கள் வாயில் சொல்வதைவிட, இலையோ காயோ ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வாழ்நாளில் டிகாக்சின் மாத்திரையைத் தொடாதவரின் இரத்தத்தில் 'டிகாக்சின் இருக்கிறது' என்று அறிக்கை வரும். அரளி நஞ்சும் டிகாக்சினும் உருவத்தில் பங்காளிகள் என்பதால் சோதனை ஏமாந்துபோகிறது. எண்ணை நம்பி நஞ்சின் அளவைக் கணிக்க முடியாது. குடும்பம் இன்னதென்று துப்புக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிறகு வைத்தியம். நாடி மந்தமானால் அட்ரோப்பின் ஊசி. வேகஸ் இழுத்துப் பிடித்த கடிவாளத்தை அது தளர்த்தும். போதாவிட்டால் ஐசோப்ரினலின் சொட்டுச்சொட்டாக. அதுவும் போதாவிட்டால் தற்காலிகப் பேஸ்மேக்கர். கழுத்துச் சிரை வழியாகவோ தொடைச் சிரை வழியாகவோ மெல்லிய கம்பியை வலது கீழறை வரை செலுத்தி, கட்டில் பக்கத்திலுள்ள சிறு பெட்டியோடு இணைப்பார்கள். கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு மூன்று திருகுகள், மினுக்கும் ஒரு விளக்கு. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று திருகினால் இதயம் அத்தனை அடி அடிக்கும். அந்தக் கம்பி நுனி உரசினாலே எரிச்சலான தசை தறிகெட்டு ஓடலாம் என்பதால், போடுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போடுவார். டயாலிசிஸ் செய்தால் என்ன என்று வீட்டார் கேட்பார்கள். நஞ்சு இரத்தத்தில் தங்குவதில்லை, தசைக்குள் புகுந்துகொள்கிறது. இரத்தத்தைக் கழுவி அதை எடுக்க முடியாது.

கரித்தூள் கதையில் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வந்தன. மருத்துவக் கரியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குடலிலுள்ள நஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய யோசனை. இலங்கையில் பொன்னரளி உண்ட 401 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. திரும்பத் திரும்பக் கரி கொடுத்தவர்களில் இறந்தோர் 2.5 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம். மலிவான மருந்து, தெளிவான பலன். ஊரே மகிழ்ந்தது. ஐந்தாண்டு கழித்து, பூச்சிக்கொல்லி குடித்தவர்களையும் சேர்த்து 4,629 பேரிடம் மைக்கேல் எடில்ஸ்டன் குழு செய்த பெரிய ஆய்வில், கரியால் உயிரிழப்பு குறையவே இல்லை. கொடுத்த முறையிலும் வந்துசேர்ந்த நேரத்திலும் வேறுபாடு இருந்தது என்று வாதம் இன்னும் நடக்கிறது. சீக்கிரம் வந்தவருக்கு, நினைவு தெளிவாக இருந்தால், ஒரு வேளையாவது கொடுத்துப் பார்க்கிறார்கள்.

முறிமருந்து இல்லையா? இருக்கிறது. அதைச் சுரப்பது செம்மறியாடு. வேலியரளியைத் தின்னாத அந்தப் பிராணிக்கு, டிகாக்சினைப் புரதத்தோடு ஒட்டி ஊசியாகப் போடுவார்கள். டிகாக்சின் தனியாகப் போனால் ஆட்டின் உடல் கண்டுகொள்ளாத அளவு சிறியது. புரதத்தின் முதுகில் ஏறிப் போனால்தான் எதிரி என்று தெரியும். ஆடு எதிர்ப்புப் புரதம் செய்யும். அதைப் பிரித்தெடுத்து, நஞ்சைப் பிடிக்கும் கைப்பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதே ஃபேப் மருந்து. அமெரிக்காவில் 1976இல் டிகாக்சின் மிஞ்சிப்போன ஒருவரை இது காப்பாற்றியது. பங்காளி உறவால் அரளி நஞ்சையும் இது பிடிக்குமா என்று கொழும்பில் பார்த்தார்கள். 2000இல் முடிவு வெளியானது. தாளம் கெட்டுவந்த 66 பேரில் 34 பேருக்கு ஃபேப், 32 பேருக்கு வெறும் நீர்மம். இரண்டு மணி நேரத்தில் இயல்பான தாளத்துக்குத் திரும்பியவர்கள் ஃபேப் குழுவில் 15 பேர், மற்றதில் இருவர். ஃபேப் பெற்றவர்களின் சராசரி நாடி 49இலிருந்து 67ஆக ஏறியது. உயர்ந்திருந்த பொட்டாசியம் இறங்கியது. நஞ்சைப் பள்ளத்திலிருந்து பிடுங்கிப் பம்ப்பை மறுபடி ஓடவைக்கும் மருந்து இது ஒன்றே.

அதன் பிறகு வந்தது விலை. இலங்கையின் கிராமப்புற மருத்துவமனைகளால் அதைத் தொடர்ந்து வாங்க முடியவில்லை. இருப்புத் தீர்ந்த பிறகு இறப்பு கூடியதை 2003இலேயே எடில்ஸ்டன் குழு எழுதிவிட்டது. மருந்து தெரியாததால் இறப்பது ஒரு துயரம். தெரிந்தும் விலையால் இறப்பதை நான் துயரம் என்று சொல்லமாட்டேன். இதே திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், இறக்குமதி வால்வின் விலை ஏழைக்குக் கட்டாது என்று பல ஆண்டு முயன்று, பலமுறை தோற்று, 1990இல் தானே செய்த இதய வால்வை முதல் நோயாளிக்குப் பொருத்தியது. ஆட்டு மருந்துக்கும் அப்படியொரு பிடிவாதம் வேண்டும் என்பது என் ஆசை.

முறிமருந்து கிடைக்காத இடத்தில் என்னதான் நம்பிக்கை? அதுதான் இந்த நஞ்சில் எனக்கு வியப்பான சங்கதி. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. இங்கே தசை சாவதில்லை. நஞ்சு வருவதற்கு முந்தைய நாள்வரை நன்றாக ஓடிய இதயம் அது, பெரும்பாலும் இளவயது இதயம். பம்ப்பின் பள்ளத்தில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் மெல்ல எழுந்து போய்விடும். அதுவரை தாக்குப்பிடிக்கவைத்தால் வடுவில்லாமல் மீளும். ஆகவே இந்த வைத்தியத்தின் பாதி, காத்திருப்பதற்கு ஏற்ற இடத்தில் ஆளைக் கொண்டுசேர்ப்பது.

ஆரியசாலையில் அந்த இடம் தூரமில்லை. ஜெனரல் மருத்துவமனை கிட்டத்திலேயே இருக்கிறது. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி தம்பானூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர். மாலை நெரிசலில் கிழக்கேகோட்டையைக் கடப்பதுதான் பாடு. அதற்கு 108ஐ அழைப்பதே நல்லது, வண்டியிலேயே நாடி பார்க்க ஆள் இருக்கும். வீட்டில் செய்யும் வைத்தியம் நேரத்தைத் தின்னும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கவைப்பது, புளியைக் கரைத்துக் கொடுப்பது, மோர் கொடுப்பது எதுவும் பம்ப்பிலிருந்து நஞ்சைக் கிளப்பாது. குழந்தை தெரியாமல் கடித்ததோ, பெரியவர் பச்சிலை என்று அரைத்துக் குடித்ததோ, மனம் வெறுத்துத் தானே உண்டதோ, மருத்துவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். தானே உண்டவரை வழக்கு வந்துவிடும் என்று பயந்து ஒளித்துவைப்பதால் போகிற ஒரு மணி நேரம் திரும்பி வராது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்கிறது. உண்பதற்கு முந்திய அந்த இரவில் பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் கேரளத்தில் 1056, நாட்டில் எங்கிருந்தாலும் 14416.

மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் அந்தச் சிறு பெட்டியின் திருகில் கைவைப்பார். எழுபதில் வைத்திருந்ததை அறுபதாகக் குறைப்பார், திரையைப் பார்ப்பார். ஐம்பது. கம்பி கொடுத்த அடியின் கூரான கோடு ஒன்று, இரண்டு, பிறகு ஒரு இடைவெளி. செவிலியர் நிமிர்வார். அந்த இடைவெளிக்குள் சின்ன மேடொன்று எழும், அதன் பின்னாலேயே ஒல்லியான ஊசிமுனை. பெட்டியின் விளக்கு மினுக்காது. அடுத்ததும் தானாகவே. அதற்கடுத்ததும். கட்டிலில் இருப்பவர் வழக்கம்போல டீ கேட்பார்.